அலை என்று எழுதாதே

ஸ்கொட்லாந்து,
24.10.1999

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதமும் அதற்குள் மடித்து வைத்திருந்த, எங்கள் கொட்டாஞ்சேனைக் கோயில் அந்தோனியார் படமும் கிடைத்தன. படத்தைக் கண்ணாடி ஓரத்தில் செருகி வைத்திருக்கிறேன். சவரம் செய்யும்போது அவர் என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன். இங்கே எனக்கு வாய்த்த கொட்டாஞ்சேனை ஆள் அவர் ஒருவர்தான்.

சுகமா, சாப்பிடுகிறாயா, யாரோடு கதைக்கிறாய் என்று கேட்டிருந்தீர்கள். முதல் இரண்டுக்கும் ஓம். மூன்றாவதற்கு என்ன எழுதுவது? இந்தத் தீவில் ஆட்களைவிட ஆடுகள் அதிகம். கூட வேலை செய்கிறவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அவர்களுடைய ஆங்கிலம் எனக்குப் பாதி விளங்கும், என்னுடையது அவர்களுக்குப் பாதி. தமிழில் பேசவேண்டும்போல் இருந்தால் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறேன். மிச்சத்தைக் கடிதத்தில் கொட்டுகிறேன். போன முறை, "இது கடிதமா, சுவாமியாரின் பிரசங்கமா?" என்று கேட்டிருந்தீர்கள். பிரசங்கம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அத்தானுடைய கந்தோரில் கூட வேலை செய்கிறவர்கள் என் வேலையைப் பற்றிக் கேட்கிறார்களாமே. இப்படிச் சொல்லச் சொல்லுங்கள்: கடலோரப் பாறையைக் குடைந்து கொங்கிறீட்டில் ஒரு பெரிய அறை கட்டியிருக்கிறோம். அதன் அடிப்பக்கம் கடலுக்குத் திறந்திருக்கும். அலை வந்தால் அறைக்குள் தண்ணீர் ஏறும். ஏறுகிற தண்ணீர் மேலே இருக்கும் காற்றைத் தள்ளும். அந்தக் காற்று ஒரு சக்கரத்தைச் சுற்றும், சக்கரம் மின்சாரம் தரும். எண்ணெய் வேண்டாம், நிலக்கரி வேண்டாம், மழைக்குக் காத்திருக்கவும் வேண்டாம். தொண்ணூற்றாறில் மழை பொய்த்துக் கொழும்பு முழுக்க மெழுகுதிரியோடு இருந்தீர்களே, அப்போதும் உங்கள் ஒழுங்கை முடிவில் கடல் சும்மா அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கும்.

இங்கே ஓயாத அலைகள், அக்கா. உங்கள் வெள்ளவத்தைக் கடல் இதற்கு முன்னால் வெறும் தண்ணீர்த் தொட்டி. வேலை முடியும்வரை கடல் உள்ளே வராதபடி முன்னால் ஒரு பாறைச் சுவரை விட்டுவைத்திருந்தோம். அதை வெடி வைத்து உடைத்தால்தான் அலை அறைக்குள் வரும். இரண்டு முறை வைத்தோம், இரண்டு முறையும் பிசகிவிட்டது. மூன்றாவது முறை நவம்பரில். எல்லாம் தயார். இந்த முறை கோட்டை விடமாட்டோம். அத்தானிடம் சொல்லுங்கள்.

அம்மா இருந்தால் சிரித்திருப்பா. காலிமுகத்திடலில் கால் நனைந்ததற்கு ஊரைக் கூட்டி அழுத பிள்ளை இப்போது கடலோடு குடித்தனம் நடத்துகிறான்.

அன்புத் தம்பி,
வலன்ரைன்


வெள்ளவத்தை,
28.11.1999

வலன்ரைன்,

இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. லண்டனுக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்து, அங்கிருந்து உனக்குப் போடச் சொல்லியிருக்கிறேன். நீ பதிலை வீட்டு விலாசத்துக்கு அனுப்பாதே. சட்டத்தரணி புவாத் என்று ஒருவர் இருக்கிறார், அவருடைய விலாசம் கீழே இருக்கிறது.

உன் அத்தானைப் பிடித்துவிட்டார்கள். இன்றோடு இரண்டு கிழமை.

உன் கடிதம் வந்தால் அவருக்குப் பெருநாள் என்று உனக்குத் தெரியும். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கந்தோருக்குப் போவார். தேத்தண்ணி நேரத்தில் எல்லோரையும் கூட்டி வைத்து, கோயிலில் வாசகம் வாசிக்கிற அதே குரலில் வாசிப்பார். "என்ர மச்சான் கடலைக் கறக்கிறான், பாருங்கோ" என்பார். அன்றைக்கும் அப்படித்தான் புறப்பட்டுப் போனார். வழியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கியிருக்கிறார்கள். தமிழ்ப் பெயர், தமிழ்க் கடிதம். அரைகுறையாகத் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவன் அங்கே நின்றிருக்கிறான். "ஓயாத அலைகள்" என்ற சொல் அவன் கண்ணில் பட்டதாம். அதற்குப் பிறகு ஏன் கேட்கிறாய்?

வன்னியில் நடக்கிற சண்டைக்கு இயக்கம் வைத்த பெயர் அது என்று உனக்குத் தெரியாதா? இந்த நவம்பரில் தொடங்கியிருப்பது மூன்றாவது. இங்கே சின்னப் பிள்ளைக்கும் அந்தப் பெயர் தெரியும், அதனால்தான் ஒருவரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. நீ என்னடா என்றால் ஓயாத அலைகள் என்கிறாய், வெடி என்கிறாய், மூன்றாவது முறை நவம்பரில், எல்லாம் தயார் என்கிறாய். இதெல்லாம் போதாதென்று "கோட்டை விடமாட்டோம்" என்று ஒன்று. அதைச் சிங்களத்தில் எப்படி மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள் தெரியுமா? "இந்த முறை கோட்டையைச் சும்மா விடமாட்டோம்." உன் அத்தானின் கந்தோர் எங்கே இருக்கிறது? கொழும்புக் கோட்டையில். "கந்தோரில் சொல்லச் சொல்லுங்கள்" என்று வேறு எழுதியிருக்கிறாய். ஒரு மனிதனை உள்ளே போட இதைவிட நல்ல தமிழ் யாராலும் எழுத முடியாது.

அன்று பின்னேரமே வீட்டைச் சோதித்தார்கள். உன் பழைய கடிதங்கள் எல்லாவற்றையும் கட்டாகக் கட்டிக்கொண்டு போனார்கள். எல்லாவற்றிலும் அலைதான். கீழ் வீட்டு வீட்டுக்காரி இப்போது போன் எடுக்க விடுவதில்லை. சித்திரையோடு வேறு இடம் பாருங்கள் என்று சொல்லிவிட்டா. என் நேர்சரிப் பிள்ளைகள் சிலருடைய தாய்மார் காரணம் சொல்லாமல் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள்.

அவரைப் பார்க்கக் கொஞ்ச நேரம் விட்டார்கள். முகத்தில் கண்ணாடி இல்லை, எங்கே என்று கேட்டேன், சொல்லவில்லை. "வலன்ரைனுக்கு எழுதாத, ஐறீன். அவன் அங்க தனிய இருந்து பயந்திடுவான்" என்றார். எழுதிவிட்டேன். நானும் இங்கே தனியத்தான் இருக்கிறேன்.

உன்மேல் எனக்குப் பொல்லாத ஆத்திரம். அதை மறைக்க எனக்குத் தெரியாது.

ஐறீன்


12.12.1999

அக்கா,

தாள்தாளாகக் கிழித்துவிட்டேன். இதையாவது அனுப்பவேண்டும்.

அந்தப் பெயர் தெரியாது என்று பொய் சொல்லமாட்டேன். இங்கே வந்த பிறகு எங்கேயோ வாசித்திருக்கிறேன். ஆனால் எழுதும்போது அது நினைவுக்கே வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே தெரிந்ததை அப்படியே எழுதினேன். இங்கே யாரும் தமிழ்ச் சொல்லுக்குப் பயப்படுவதில்லை. எனக்கும் பயம் விட்டுப்போயிருந்தது.

கொம்பனியிடம் சொல்லி ஒரு கடிதம் வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். நான் யார், என்ன வேலை, என்ன வெடி, ஏன் மூன்றாவது முறை, எல்லாம் ஆங்கிலத்தில் விளக்கமாக இருக்கிறது. மேலதிகாரி தானே கையெழுத்துப் போட்டார். அவருக்கு முழுக்க விளங்கவில்லை. "ஒரு சொல்லுக்காகவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

இது போதாவிட்டால் நான் வருகிறேன். எழுதியது நான்தான், கடலைத்தான் எழுதினேன் என்று நேரே நின்று சொல்கிறேன். லீவு கேட்டுவிட்டேன். நீங்கள் ஓம் என்றால் உடனே புறப்படுவேன்.

போன மாதம் பாறை உடைந்தது. கடல் உள்ளே வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். அத்தானைப் பிடித்த அதே கிழமை. உங்கள் கடிதம் வந்த பிறகு என் கையைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

அத்தானுக்குக் கண்ணாடி இல்லாமல் ஒன்றும் தெரியாதே.

வலன்ரைன்


வெள்ளவத்தை,
6.1.2000

தம்பி வலன்ரைனுக்கு,

வராதே. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கடிதத்தின் அடியில் இருப்பது உன் கையெழுத்து. நீ வந்து இறங்கினால் கட்டுநாயக்கா எயர்போர்ட்டிலேயே உன்னையும் வைத்துக்கொள்வார்கள். பிறகு நான் இரண்டு பேருக்குச் சோறு கட்டிக்கொண்டு திரியவேண்டும். உன் நேர்மை எனக்குத் தெரியும், அதை அங்கேயே வைத்துக்கொண்டிரு.

போன மாதம் ஜனாதிபதியின் கூட்டத்தில் குண்டு வெடித்த பிறகு இங்கே கெடுபிடி இன்னும் கூடிவிட்டது. உன் கொம்பனிக் கடிதத்தை புவாத் கொண்டுபோய்க் கொடுத்தார். பொறுப்பான அதிகாரி வாசித்துவிட்டுச் சிரித்தாராம். "உலகத்தில் எவன் கடலில் கரண்ட் எடுக்கிறான்? எங்களைச் சுற்றிவரக் கடல்தானே. எடுக்கலாம் என்றால் நாங்கள் எடுக்கமாட்டோமா?" என்று கேட்டிருக்கிறார். கதைகட்டுவதற்கும் ஒரு அளவு வேண்டும் என்றாராம்.

புவாத் என்னிடம் சொன்னது இதுதான்: "மிஸிஸ் றேமண்ட், அவங்க கடிதத்த நம்பாம இல்ல. இந்தக் கரண்ட்டத்தான் நம்புறாங்க இல்ல. கடல்ல கரண்ட் வருமெண்டு அவங்க நம்பினா, மிச்சம் எல்லாத்தையும் நம்புவாங்க."

ஆகவே உன் அத்தான் வெளியே வருவது இப்போது உன் கடலின் கையில் இருக்கிறது. எனக்கே அது சரியாக விளங்கவில்லை என்பதை இப்போதுதான் கண்டுபிடித்தேன். இவ்வளவு காலமும் உன் கடிதங்களை அவர் வாசிக்க, நான் மீன் வெட்டிக்கொண்டு ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் நேர்சரிப் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி எனக்குச் சொல்லித் தா. கையால் செய்து காட்டக்கூடியதாக ஏதாவது வேண்டும். சிங்களத்தில் சொல்லவேண்டும், ஆகையால் பெரிய சொற்கள் வேண்டாம். இனி எந்தக் கடிதத்திலும் அலை என்று எழுதாதே. புவாதின் விலாசத்துக்கு வந்தாலும் எழுதாதே.

நத்தார்ப் பெருநாளுக்கு வீட்டில் ஒன்றும் செய்யவில்லை. காலைப் பூசைக்குக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அவர் வழமையாக வாசிக்கும் வாசகத்தை வேறு யாரோ வாசித்தார்கள். திரும்பி வந்து பழக்கதோஷத்தில் இரண்டு கோப்பை தேத்தண்ணி ஊற்றிவிட்டேன். இரண்டையும் நானே குடித்தேன். கடல் பக்கத்து ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கிறேன். சாத்தினாலும் சத்தம் கேட்கத்தான் செய்கிறது.

கவனமாகச் சாப்பிடு.

அக்கா


23.1.2000

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களுக்குத் தேவையானவை: ஒரு வாளி தண்ணீர், பெரிய பிளாஸ்ரிக் சோடாப் போத்தல் ஒன்று, கத்தரிக்கோல், கடுதாசி, ஒரு குண்டூசி. என் சமையலறையில் பல தடவை செய்து பார்த்துவிட்டேன். தரையெல்லாம் ஈரம்.

போத்தலின் அடியை வெட்டி எடுங்கள். மூடியையும் எறிந்துவிடுங்கள். நிமிர்ந்தபடி வாளிக்குள் வைத்துச் சட்டென்று கீழே அமுக்குங்கள். உள்ளே தண்ணீர் ஏறும், காற்று வாய்வழியாக வெளியே பாயும். கன்னத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். இனி, பிள்ளைகளுக்கு நீங்கள் செய்து கொடுக்கும் கடுதாசிக் காற்றாடி இருக்கிறதே, அதைப் போத்தல் வாய்க்கு மேலே பிடியுங்கள். அமுக்கும்போது சுற்றும்.

இவ்வளவுதான், அக்கா. அந்தப் போத்தல்தான் நாங்கள் கட்டிய அறை. இங்கே போத்தல் அசையாமல் நிற்கும், கடல் ஏறி இறங்கும். உங்கள் வாளியில் கடல் சும்மா நிற்கும், போத்தல் ஏறி இறங்கும். அந்தக் காற்றாடியின் இடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புச் சக்கரம். பிள்ளைகள் சைக்கிள் மிதித்தால் டைனமோவில் லைட் எரிகிறதே, மிச்சம் அதேதான்.

கெட்டிக்காரப் பிள்ளை யாராவது இருந்தால் ஒரு கேள்வி கேட்கும். போத்தலை மேலே தூக்கும்போது என்ன நடக்கும் என்று கேட்கும். அப்போது காற்று உள்ளே இழுபடும், உங்கள் காற்றாடி நின்றுவிடும். எங்கள் சக்கரம் நிற்காது. அதன் இதழ்களை அப்படிச் செய்திருக்கிறார்கள். காற்று வெளியே போனாலும் அது ஒரே பக்கம்தான் சுற்றும், உள்ளே வந்தாலும் அதே பக்கம்தான் சுற்றும். முதன்முதலில் அதைப் பார்த்தபோது எனக்கு உங்கள் ஏச்சுத்தான் ஞாபகம் வந்தது. "நல்லது சொன்னாலும் உன்ர பக்கம், கெட்டது சொன்னாலும் உன்ர பக்கம், ஒரு நாளும் திரும்பமாட்டாய்" என்பீர்களே.

கோட்டை விடுவது என்பதற்கு என்னால் விளக்கம் எழுத முடியவில்லை. பிறந்ததிலிருந்து சொல்லி வந்திருக்கிறேன், அதற்குள் ஒரு கோட்டை இருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது.

அந்தச் சொல்லை இந்தக் கடிதத்தில் எழுதவில்லை, கவனித்தீர்களா? கஷ்டமாகத்தான் இருந்தது. என் தொழிலே அதை வைத்துத்தானே.

தம்பி


வெள்ளவத்தை,
19.3.2000

அன்புள்ள தம்பிக்கு,

வாளியும் போத்தலும் பொலிஸுக்குப் போய் வந்த கதையைக் கேள்.

புவாத் எப்படியோ அந்த அதிகாரியிடம் நேரம் வாங்கிவிட்டார். வாசலில் என் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். அடி வெட்டிய போத்தலைப் பார்த்து ஒருவன் பின்வாங்கினான். ரோஸ் நிறக் காற்றாடியை இன்னொருவன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், அதற்குள் ஏதோ எழுதியிருக்கிறதாம். வாளி கொண்டுபோக விடவில்லை. உள்ளே சுவரில் தொங்கிய சிவப்புத் தீ வாளியிலிருந்து மணலைக் கொட்டிவிட்டுத் தண்ணீர் பிடித்துத் தந்தார்கள்.

அதிகாரி பெரிய உடம்புக்காரர். தலையை நிமிர்த்தாமல், "ஹரி நோனா, பென்னன்ன" என்றார். காட்டச் சொல்கிறார். போத்தலை வாளிக்குள் வைத்தேன். முதல் தரம் அமுக்கியதில் தண்ணீர் தெறித்து அவருடைய மேசைத் தாள்களெல்லாம் நனைந்துவிட்டன. புவாத் கண்ணை மூடிக்கொண்டார். நான் என் நேர்சரிக் குரலை எடுத்தேன். வேறு எந்தக் குரலும் வரவில்லை. "இப்ப எல்லாரும் இங்க பாருங்கோ" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, மறுபடி அமுக்கினேன்.

சுற்றியது, வலன்ரைன். அந்த ரோஸ் காற்றாடி விர்ரென்று சுற்றியது. கதவடியில் நின்ற கொன்ஸ்தாபிள் வாய்விட்டுச் சிரித்தான்.

அதிகாரி எழுந்து வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுப் போத்தலைத் தானே வாங்கினார். அமுக்கினார், தூக்கினார், அமுக்கினார். நிறுத்துகிறாரில்லை. பிறகு, "தூக்கும்போது நிற்கிறதே, அப்போது பாதி வீண்தானே?" என்று கேட்டார். நீ சொன்ன கெட்டிக்காரப் பிள்ளை அவர்தான். உன் சக்கரத்தைப் பற்றிச் சொன்னேன். போனாலும் வந்தாலும் ஒரே பக்கம், என் தம்பியும் அப்படித்தான் என்றேன். "உங்கள் மல்லி பெரிய முரண்டன்போல" என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு நாளும் வராதது.

கோட்டை விடுவதை புவாத் கிரிக்கெட்டில் விளங்கப்படுத்தினார். கைக்கு வந்த கெச்சைத் தவறவிட்டால் கோட்டை விட்டான் என்போம், அதற்கும் கோட்டைக்கும் சம்பந்தமில்லை என்றார். அதிகாரி அதைத் தாளில் எழுதிக்கொண்டார்.

உடனே விடவில்லை. மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொன்னார், மேலிடத்துக்கு மேலும் ஒரு இடம் இருக்கிறதாம். ஆனால் நம்பிவிட்டார் என்று புவாத் சொல்கிறார். வெளிக்கிடும்போது போத்தலை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். வழக்குக்கா, தனக்கா என்று தெரியவில்லை. காற்றாடியையும் கேட்டார். வீட்டில் சின்ன மகள் இருக்கிறாளாம்.

அத்தானை மறியல் சிறையில் போய்ப் பார்த்துச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். "வாளி எங்க இருந்தது?" என்று மட்டும் கேட்டார். சுவரில் தொங்கியது என்றேன். அவரை முதலில் வைத்திருந்ததும் அதே இடத்தில்தான். அந்த வாளியைப் பற்றி அவருக்கு வேறு ஏதோ தெரியும்போல் இருந்தது. நான் கேட்கவில்லை.

அக்கா


கொட்டாஞ்சேனை,
2.7.2000

அன்புள்ள வலன்ரைனுக்கு,

அத்தான் வந்துவிட்டார்.

வெள்ளவத்தை வீட்டை விட்டாயிற்று. கொட்டாஞ்சேனையில் ஒழுங்கைக்குள் சின்ன வீடு, கடல் சத்தம் கேட்காத இடமாகப் பார்த்து எடுத்தேன். கந்தோரில் திரும்ப எடுக்கவில்லை. ஒருகொடவத்தையில் ஒரு கொள்கலன் யார்ட்டில் கணக்கு எழுதுகிறார். மெலிந்துவிட்டார், அது தேறிவிடும். தேறாத ஒன்றை உனக்கு எழுதவேண்டும்.

அவர் சத்தமாக வாசிப்பதில்லை. பேப்பரையும் உதட்டை அசைக்காமல் பார்க்கிறார். சுவாமியார் வீட்டுக்கு வந்து, ஞாயிறு வாசகம் வாசிக்க வாருங்கள் என்று கூப்பிட்டார். தொண்டை சரியில்லை என்றுவிட்டார். தொண்டைக்கு ஒன்றுமில்லை. தபாற்காரனின் சைக்கிள் மணி கேட்டால் பின் அறைக்குப் போய்விடுகிறார். மின்சார பில் வந்தால்கூட, "ஆர் எழுதினது?" என்று கேட்டுவிட்டுத்தான் வெளியே வருவார்.

உன்னைக் குறை சொல்லவில்லை. ஒரு தரம்கூடச் சொல்லவில்லை. உன் பெயரையே சொல்வதில்லை.

ஆகவே, தம்பி, நீ இனி எழுதாதே. புவாதின் விலாசத்துக்கும் வேண்டாம், நான் அதை ஒளித்துக்கொண்டு வரவேண்டும், அவர் கண்டுபிடித்துவிடுவார். நானும் எழுதமாட்டேன். இதை எழுதுகிற கையை வெட்டிப்போடலாம் போலிருக்கிறது. அங்கே உன்னோடு தமிழ் பேச ஒருவருமில்லை என்று தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். அம்மா செத்த பிறகு உன்னை ஒரு நாளும் தனியே விட்டதில்லை என்று பெருமையடித்துக்கொண்டிருந்தவள் நான்.

உன்மேல் இருந்த ஆத்திரம் எப்போதோ போய்விட்டது. அது உனக்குத் தெரியவேண்டும்.

அக்கா


கொட்டாஞ்சேனை,
17.3.2002

என் அன்புத் தம்பிக்கு,

இரண்டு நத்தாருக்கும் நீ அனுப்பிய அட்டைகள் வந்தன. வெளியே கடல் படம், உள்ளே ஒரு எழுத்துமில்லை. கையெழுத்துக்கூட இல்லை. நான் எழுதாதே என்றால் அதற்காக இப்படியா? உன் சக்கரம் மாதிரியே நீயும்.

முதல் அட்டையை அல்மாரியில் உடுப்புகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். இரண்டாவது வந்தபோது வாசலில் அவர்தான் நின்றார். சண்டை நிற்கப்போகிறது என்று ஊரெல்லாம் கதை, அதனால் மணிச் சத்தத்துக்கு அவர் முன்னைப்போல் ஒளிப்பதில்லை. உறையைப் பிரித்தார், அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார், என்னிடம் தந்துவிட்டுப் போய்விட்டார்.

இங்கே போன வருடமும் மழை பொய்த்து, மறுபடி மின்வெட்டு. நேற்றுப் பொழுதுபட்ட நேரம் கரண்ட் போய்விட்டது. மெழுகுதிரி தேடிக்கொண்டிருந்தேன். இருட்டுக்குள் இருந்து, "வலன்ரைன்ர இடத்தில லைட் எரியுதாமோ?" என்று கேட்டார்.

கைக்கு வந்த மெழுகுதிரியைக் கீழே போட்டுவிட்டேன்.

"எனக்கெப்பிடித் தெரியும்? அவன் எழுதிறேல்லையே" என்றேன்.

"ஏன் எழுதிறேல்ல? வெறுங் கார்ட்டுத்தான் அனுப்புறான்."

"நான்தான் எழுதவேண்டாம் எண்டனான்."

குனிந்து மெழுகுதிரியைத் தடவினேன். பிறகு, "எழுதச் சொல்லு" என்றார். கரண்ட் வந்த பிறகு, வெளிச்சத்தில் என் முகத்தைப் பார்க்காமல், "ஆனா அந்தச் சொல் வேண்டாம்" என்றார்.

சண்டை நிறுத்தம் கையெழுத்தாகிவிட்டது, இனி அந்தச் சொல்லில் என்ன இருக்கிறது என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியாது. உள்ளே அதை எத்தனை பேர் எப்படியெல்லாம் அவரிடம் கேட்டார்களோ. நீ இருப்பது கடற்கரையில், செய்வது அந்த வேலை. அந்தச் சொல் இல்லாமல் எப்படி எழுதுவாய் என்று நினைத்தால் எனக்கே சிரிப்பாக இருக்கிறது. பார்த்து எழுது. அவர் பெயருக்கு எழுது.

அக்கா


ஸ்கொட்லாந்து,
7.4.2002

அன்புள்ள அத்தானுக்கு,

ஓம், எரிகிறது.

போன வருடத்திலிருந்து எரிகிறது. ஆட்டுக்காரர்களின் வீடுகளிலும், பள்ளிக்கூடத்திலும், நான் இதை எழுதுகிற மேசையிலும். விளக்கைப் பார்த்தால் அது எங்கேயிருந்து வந்தது என்று தெரியாது. மற்ற விளக்குகளைப்போலத்தான் இருக்கிறது. யாருக்குச் சொல்வது என்று தெரியாமல் முதல் நாள் அந்தோனியாரிடம் சொன்னேன்.

அறைக்கு மேலே நின்றால் மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. முதலில் எனக்குப் பயமாக இருந்தது. இப்போது வீட்டில் யாரோ படுத்திருக்கிற மாதிரி இருக்கிறது. அது இல்லாவிட்டால் நித்திரை வராது. அந்தச் சக்கரம் இன்னும் ஒரே பக்கம்தான் சுற்றுகிறது. அது வருகிறது, போகிறது, இரண்டுக்கும் விளக்கு அணையாமல் எரிகிறது.

அது என்று எழுதினால் உங்களுக்கு விளங்கும்தானே? அதற்கு வேறு பெயர் தேடிப் பார்த்தேன். எதுவும் சரிவரவில்லை, அது என்றே வைத்துக்கொள்வோம்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்கப் பல தடவை எழுதினேன். எழுதினதெல்லாம் நல்ல தமிழாக இருந்தது, அதனால் அனுப்பப் பயந்துவிட்டேன். என்னை மன்னியுங்கள், அத்தான். இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

பதில் எழுதவேண்டும் என்றில்லை. மாதம் ஒரு கடிதம் போடுகிறேன், நீங்கள் வாசித்தால் போதும். முன்னைப்போல நாலு பேரைக் கூட்டி வைத்து வாசிக்கவேண்டாம். அக்கா அடுப்படியில் மீன் வெட்டிக்கொண்டிருப்பா. அவவுக்குக் கேட்கிற அளவு சத்தத்தில் வாசியுங்கள்.

உங்கள் மச்சான்,
வலன்ரைன்